வரைபடத்தில் இல்லாத குழாய்

காலை 8.10. கோவை ரயில் சென்ட்ரலில் இறக்கிவிட்டது. பக்கத்து நிலையத்துக்கு நடந்து, திருவொற்றியூருக்கு ஐந்து ரூபாய்ச் சீட்டு எடுத்தேன். ஊர் சுற்ற வரவில்லை. ஒரு மனிதரிடம் ஒரு செய்தியை நேரில் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன மாதம் பந்தயத்தில் என் நண்பன் தினகரனின் கார் தடுப்புச் சுவரில் மோதியது. எனக்கு முன்னால்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பிழைக்கவில்லை. மிச்சப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். எங்களில் இரண்டு பேர் வண்டியை விற்றுவிட்டார்கள். ஒருவனின் மனைவி சாவியை ஒளித்துவிட்டாள். வீரம் பேசுகிற நாங்களும் பந்தயத் தடத்தின் பக்கம் போகவில்லை. கார் உருண்டாலும் நசுங்காமலிருக்க, ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அதை வெல்டிங் செய்து தருபவர் கரீம் பாய். அவரைப் பார்க்கத்தான் போகிறேன்.

9.15. தண்டையார்பேட்டை தாண்டியதும் டீசலும் மீனும் கலந்த காற்று. திருவொற்றியூரில் இறங்கினேன். பட்டறை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதால் ஊர்ந்துதான் போனோம்.

"ரேஸ் காருக்கு கூண்டு கட்ற பாயா சார்?" என்றார் ஆட்டோக்காரர். "கடைய தொறந்து வச்சிகினு சும்மா குந்திகினு கீறாரு. அந்தப் புள்ள போனதுலேர்ந்து வேலையே செய்யல."

9.45. உண்மைதான். பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வா நைனா" என்றார். டீ சொன்னார். டீ வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "ஆக்சிடெண்டு ரிப்போர்ட்டு வந்துச்சா? என் வெல்டிங் வுட்டுச்சா? அத்த மட்டும் சொல்லு."

"இல்லைங்க பாய். ஒரு ஜாயிண்ட் கூட விடலைங்க."

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சொன்னது பொய்யில்லை. அதோடு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பத்தான் ஆசைப்பட்டேன்.

"அப்பால எப்டி போனான்?" என்றார்.

பாய்க்கு ஒரு வழக்கம். மனசுக்குப் பிடித்த ஆளென்றால், வரைபடத்தில் இல்லாத ஒரு குழாயைத் தலைப்பக்கம் கூடுதலாக வைத்துவிடுவார். இன்னும் கொஞ்சம் பத்திரமாக இருக்கட்டுமே என்று. தினகரனுக்கும் வைத்திருந்தார். சொல்லிவிட்டேன்.

"அந்தக் குழாய்ங்க பாய். தல போய் அதுல அடிச்சிருக்குங்க. எல்லா வண்டியிலயும் வெட்டியெடுக்கச் சொல்லி பந்தயம் நடத்துறவங்ககிட்டருந்து லெட்டர் வரும். அதுக்கு முன்னாடி நானே வந்து..."

டீ வந்தது. இருவரும் தொடவில்லை. வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

பாய் ஆள்களை விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். "மணிக்கு வச்சேன். ஜோசப்புக்கு வச்சேன். அந்த ஓசூர்க்காரனுக்கு... ஒனக்கு."

எழுந்து, இரும்பு வெட்டும் மிஷினை எடுத்துச் சாக்குப்பையில் போட்டார். "ஒன் வண்டி கோயமுத்தூர்ல தான கீது? மொதல்ல அத்த வெட்டுவோம்."

பிற்பகல் 2.30. கோவை ரயில். வரும்போது தனியாக வந்தேன். திரும்பும்போது பாய் பக்கத்தில். பையை மேலே வைக்கச் சொன்னேன்; கேட்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். அரக்கோணம் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவன் கேக்கவேயில்ல நைனா. நானா தான் வச்சேன்."