புல் முளைக்கும் வரை

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு புல்வெளி இருந்தது. இருந்தது என்று சொல்வது தாத்தாவுக்குக் காட்டும் மரியாதை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த அவர், புதுச்சேரியில் வீடு கட்டியபோதே வாசலில் புல்லும் போட்டாராம். அவருக்குப் பிறகு அப்பாவின் ஸ்கூட்டர் ஏறி, மழைத்தண்ணீர் தேங்கி, நான் ஷட்டில் ஆடி, எனக்கு ஒன்பது வயதானபோது ஓரத்தில் கோரையும் நடுவில் பெரிய சொட்டையுமாகக் கிடந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை விட்டதும் பிரான்சிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. வழக்கமாகக் கோடையில் மாமாவோடு வந்து, எல்லோருக்கும் சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டு, மாதம் முடிவதற்குள் போய்விடுவார். இந்த முறை தனியாக வந்தார். பெட்டி நிறையக் கம்பளிக் கோட்டுகள். இந்த ஊரில் எதற்கு அத்தை என்று கேட்டேன். "அங்க வைக்க எடமில்லம்மா" என்றார். மாமா வீடு அவ்வளவு சின்னது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தையல் மெஷின் வைத்திருந்த அறை அத்தைக்கு ஆனது. மெஷின் கூடத்து மூலைக்கு வந்தது. அம்மா பொதுவாகவே எதைப் பற்றியும் அதிகம் சொல்கிறவரல்ல. நான் என் தலையணையைத் தூக்கிக்கொண்டு அத்தையின் அறைக்குக் குடிபோய்விட்டேன். பனி பெய்கிற கதை கேட்டுக்கொண்டே தூங்குவதைவிடப் பெரிய சுகம் அப்போது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உறவுக்காரர்கள் யாராவது வருவார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்து, கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "எப்பம்மா ஊருக்குக் கெளம்பற?"

முதல் இரண்டு ஞாயிறும் அத்தை சிரித்தே சமாளித்தார். மூன்றாவது ஞாயிறு, அப்பாவின் பெரியம்மா விடுவதாக இல்லை. அத்தையின் பார்வை எதிரே இருந்த சொட்டைத் தரையில் போய் நின்றது.

"இந்த கஸோன் பாக்கவே சகிக்கல பெரிம்மா. இதைச் சரி பண்ணிட்டுப் போலாம்னு இருக்கேன். புல் மொளைச்சதும் கெளம்பிட வேண்டியதுதான்."

தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் புல்வெளிக்கு கஸோன் என்றுதான் பெயர். சொன்ன சொல்லுக்காகவோ என்னவோ, மறுநாள் காலையில் அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார்.

புல் வளர்ப்பதற்கு முதல் வேலை, இருக்கிற புல்லை ஒட்ட வெட்டுவதாம். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. வெட்டிய பிறகு, இரும்புப் பல் வைத்த வாரியால் அழுத்தி அழுத்திச் சீவினார். அடியில் படிந்திருந்த காய்ந்த சருகெல்லாம் குவியலாக வந்தது. "இது மேல வெதை போட்டா மண்ணுல படாது. அந்தரத்துலயே காஞ்சிடும்" என்றார். இறுகிப்போன இடங்களில் அப்பா கடப்பாரையால் குத்திக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார். நான் பள்ளி விட்டு வந்து கோரை பிடுங்கினேன். மேலே இழுத்தால் அறுந்துகொண்டு வரும். கீழே கிழங்கு அப்படியே உட்கார்ந்திருக்கும். எருவையும் மணலையும் சலித்துப் பரப்பிய அன்று வீடே மாட்டுக்கொட்டகை போல நாறியது. அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

காலாப்பட்டு போகிற சாலையில் ஒரு நர்சரியிலிருந்து விதை வந்தது. கடுகைவிடப் பொடி. மணலோடு கலந்து, ஒருமுறை கிழக்கு மேற்காகவும் ஒருமுறை தெற்கு வடக்காகவும் அத்தை தூவினார். மேலே லேசாக வைக்கோல் போட்டு, பூவாளியால் மழைத்தூறல் போலத் தண்ணீர் விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புல் முளைத்ததும் அத்தை கிளம்பிவிடுவார். அதற்கு நான்தான் ஓடி ஓடிக் கோரை பிடுங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். கோவிலில் மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றி, ஒரு விதைகூட முளைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும், விதை பொறுக்க வரும் மைனாக்களை ஒன்றுவிடாமல் விரட்டுவேன். அத்தை முகம் வாடுவதைப் பார்க்க முடியாது. எறும்புகள் வரிசையாக விதையைத் தூக்கிப்போனபோது மட்டும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நானே போய் மஞ்சள்தூள் கொண்டுவந்து எறும்புகள் மேல் தூவினேன்.

இதற்கிடையில் அப்பாவின் பெரியம்மா மறுபடி வந்தார். அத்தை குளித்துக்கொண்டிருந்ததால் நேரே சமையலறைக்கு வந்து, அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"இன்னும் எத்தினி நாளைக்கு ஒனக்கு இந்தப் பாடு?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "காப்பி ஆறுது அத்த, குடிங்க" என்றார்.

மாதா என் பக்கம் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். வைக்கோலுக்கு நடுவே பச்சையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால் சொட்டை இருந்த இடம் முழுவதும் ஊசி ஊசியாகப் புல். நுனிகளில் பனி நின்றது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அத்தை ஓடிவந்தார். "ஏண்டி, எறும்பு கடிச்சிடுச்சா?"

"மொளைச்சிடுச்சே அத்த. நீங்க போயிடுவீங்களே."

அத்தை என் வாயில் வழிந்த பற்பசையைத் துடைத்துவிட்டார். அழுகைச் சத்தம் கேட்டு அம்மாவும் வாசற்படிக்கு வந்திருந்தார். கையில் கரண்டி. கொஞ்ச நேரம் புல்லையும் எங்களையும் பார்த்தார். பிறகு இறங்கி, முளைத்ததை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து, வீட்டின் பக்கவாட்டில் துணிக்கொடி கட்டியிருந்த இடத்தில் போய் நின்றார்.

"அண்ணி, இந்தப் பக்கம் பூரா சொட்டையாத்தான் கெடக்குது. இதையும் கிளறிப் போட்டுடுங்க."

"அது பெரிய எடமாச்சேம்மா. நாளாவும்."

"ஆவட்டுமே" என்றார் அம்மா. "அது முடிஞ்சா பின்னால கெணத்தாண்ட இருக்குது."

சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அத்தை அதன் பிறகு பிரான்சுக்குத் திரும்பவில்லை. இப்போது ஊரிலேயே பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். அம்மாவும் அவரும் சேர்ந்தே பூசைக்குப் போகிறார்கள். ஆனால் அன்று காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதுதான். தோள் குலுங்கியது. இவ்வளவு பெரிய இடத்தை அம்மா ஒரே மூச்சில் அவர் தலையில் கட்டிவிட்டாரே என்று எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அத்தையின் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழாதீங்க அத்த, அந்தப் பக்கத்துக் கோரையெல்லாம் நானே புடுங்கிடறேன்" என்றேன்.