கதவுக்குள் நின்ற தண்ணீர்

எங்கள் காரின் முன்பக்க இடது கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் நின்றுபோனது ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். ஞாயிறன்று தங்கையை ராதாபுரத்திலிருந்து அழைத்து வர வேண்டும். அன்று அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்த கையோடு பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டி வருவது வழக்கம். தங்கள் வண்டியிலேயே கொண்டுவந்து விடுவதாகச் சம்பந்தி வீட்டார் சொல்லியிருந்தார்கள். "வேண்டாம், நம்ம வண்டியிலயே வாரோம்" என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். 'நம்ம வண்டி' என்பதை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருநெல்வேலியில் அலுவலக வேலை கிடைத்த பிறகு, வேறொருவர் ஓட்டி விற்ற காரை வாங்கினேன். அப்பா சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் தினமும் காலையில் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார்.

வயிற்றுப்பிள்ளைக்காரி காலை நீட்டிச் சாய்ந்து உட்கார முன் இருக்கைதான் வசதி. வெளியே மழையோ விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"உரச்சாக்கைக் கிழிச்சு அந்த சந்துல கட்டிருவோமா?" என்றாள் அம்மா.

"சாக்கு கட்டின வண்டியக் கொண்டுபோயா சம்பந்தி வாசல்ல நிக்கச் சொல்லுத?" என்று அப்பா எரிந்து விழுந்தார். "பிள்ள நனைஞ்சுக்கிட்டு வரணுமாக்கும்?"

சனிக்கிழமை காலையில் காரைத் திருநெல்வேலிப் பேட்டைக்கு ஓட்டிப் போனேன். என்னோடு படித்த நண்பன் அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அப்பாவும் கூடவே ஏறிக்கொண்டார். நண்பன் வந்ததும் கதவைத் திறந்து ஒருமுறை அடைத்தான். உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்டது.

"ஏலே, கதவுக்குள்ள மீன் வளக்கியா?" என்றான்.

"நானும் ரெண்டு நாளா கேக்கேன். என்னன்னு தெரியல."

"கார் வாங்கத் தெரிஞ்சுது, கதவைக் கழத்திப் பாக்கத் தெரியலயோ?"

கைப்பிடிக் குழிக்குள் இருந்த திருகாணிகளைக் கழற்றி, உள்பக்கப் பலகையை ஓரமாக நெம்பி எடுத்தான். அதன் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பைய உரித்தான். கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, விழாமல் இருக்கச் சட்டத்தோடு சேர்த்து டேப் ஒட்டச் சொன்னான். ஒட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் வெளியே வந்தபோது துருப்பிடித்து, பிடுங்கிய கிழங்கு மாதிரி இருந்தது. கதவை அடைக்கிறபோதெல்லாம் தண்ணீர் அலம்பி அதன்மேல் அடித்திருக்கிறது.

"தண்ணி எப்படி மாப்ளே நிக்கும்? ஓடணுமே" என்றபடி குனிந்து கதவின் அடி விளிம்பைத் தடவினான். தடவியவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இதை எவம்லே அடைச்சான்?"

குழாய் ஓட்டை அடைக்கிற பசையை உருட்டி, அங்கே இருந்த துவாரங்களில் யாரோ அழுத்தியிருந்தார்கள்.

"நாந்தாம்பா" என்றார் அப்பா.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"ஆயுத பூசைக்கு வண்டி கழுவும்போது பாத்தேன். அடியில ஓட்ட ஓட்டயா கெடந்துச்சு. துரு தின்னுட்டுன்னு நெனச்சேன். ரோட்டுத் தண்ணி அது வழியா ஏறி பிள்ள கால்ல அடிக்குமேன்னு நாலு கதவையும் அடைச்சுட்டேன்."

நண்பன் வெடித்துச் சிரித்தான். "மாமா, அது செஞ்சவனே விட்ட ஓட்ட. கண்ணாடி மேல விழுத தண்ணி உள்ள எறங்கி அது வழியாத்தான் போவணும். வடிகால் மாமா!"

"வடிகாலா?" அப்பா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊர் வயலுக்கெல்லாம் வடிகால் வெட்டுதவன், அதையா போட்டு அடைச்சேன்?" பிறகு அவரும் சிரித்துவிட்டார். வெட்கப்பட்ட சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்டியிருந்த பசையில் அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. மல்லாக்கப் படுத்து, ஒவ்வொரு கதவின் அடியிலும் கையை விட்டுத் தேடியிருந்தால்தான் அந்த ஓட்டைகள் கண்ணில் பட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து நான் ஒருமுறைகூட அங்கே குனிந்து பார்த்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்குத் தெரியாமல் இவர் எதையெல்லாம் குனிந்து பார்த்து அடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மோட்டார் போனதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

நண்பன் பழைய பாகம் விற்கும் கடைக்குப் போய், இதே வண்டியின் இடது கதவு மோட்டாரைத் தேடி வாங்கிவந்தான். பொருத்துவதற்கு முன் ஒயரை மட்டும் செருகி, "அமுக்கு" என்றான். அமுக்கினேன். மோட்டார் சுழன்றது. அதற்குள் தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. அப்பா பட்டறைத் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி, கடைசித் திருகாணி முடுக்கும்வரை கதவோரமே நின்றார். நண்பன் நான்கு கதவுகளின் பசையையும் சுரண்டி எடுத்தான். தண்ணீர் தரையில் ஓடியது.

"ஓடட்டும், ஓடட்டும்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை கை நிறைய வளையலோடு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவள் மாமியார் ஜன்னல் வழியாகக் குனிந்து, "பிள்ளையோட வா தாயி" என்று கன்னத்தைத் தடவினார். காய்ந்த ஊரான ராதாபுரத்திலும் அன்று பொட்டுப் பொட்டாக மழை விழுந்தது. மாமியார் கையை எடுத்ததும் தங்கை பொத்தானை அமுக்கினாள். கண்ணாடி சத்தமில்லாமல் மேலேறி மூடிக்கொண்டது. அதில் ஒரு விசேஷமும் அவளுக்குத் தெரியவில்லை. பின் இருக்கையில் அப்பா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வள்ளியூர் தாண்டிக் களக்காட்டு ரோட்டில் திரும்பியபோது மழை கொட்டத் தொடங்கியது. தங்கை வயிற்றின்மேல் கையை வைத்தபடி, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வெளியே அவள் முகத்துக்கு நேரே தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"பைய ஓட்டுலே" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "முழிச்சிரப் போறா."