மனப்பாடமான எண்

செல்போன் பழுது பார்ப்பவருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் ஒரு பெண்ணின் போன், உடைந்த கண்ணாடியை மாற்றி முடித்திருந்தது. அதன் முதுகில் ஒட்டிய தாளில் லாக் நம்பர். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டு எழுதி ஒட்டுவது கடை வழக்கம்.

போன மாதம் அந்தச் சாக்கில்தான் ஒருத்தியின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவள் வந்து, "ரொம்ப நன்றி அண்ணே" என்றபோது தலை நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்கால் போட்டு அழுது தீர்த்தார். அழுத கண்தான் இன்றும் அலைகிறது.

எழுந்து தண்ணீர் குடித்தார். "ஆண்டவரே" என்று கண்ணை மூடினார், விரல் அடங்கவில்லை. தாளைக் கிழித்துக் குப்பையில் எறிந்தார். பாழாய்ப்போன நம்பர் அதற்குள் மனப்பாடமாகியிருந்தது. எந்த வேதவசனமும் அவருக்கு இத்தனை சீக்கிரம் மனதில் நின்றதில்லை.

உடனே அந்தப் போன்காரப் பெண் கொடுத்துவிட்டுப் போன வீட்டு நம்பருக்குப் போன் போட்டு அவளை வரவழைத்தார்.

"நீங்களே தொட்டுச் சரிபாருங்க. அப்படியே லாக் நம்பரையும் மாத்திடுங்க."

"எதுக்கு அண்ணே? யாரு பாக்கப் போறாங்க?"

அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான்தான்மா."