பணம் கட்டி வாங்கிய பெயர்

அந்த எண்ணிலிருந்து முதல் அழைப்பு வந்தபோது பல்லாவரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. மறுமுனையில் ஆள் இருப்பது மட்டும் தெரிந்தது; மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று வாரம் இப்படியே தொடர்ந்தது. நான் திருப்பிக் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி எடுத்தாள். அவளிடமும் அதே மௌனம். "எனக்கு பயமா இருக்குங்க. யாருன்னு பாருங்க" என்றாள்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. செல்போன் அப்போதுதான் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்ததால், தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். எண்ணைக் கொடுத்தால் பெயரும் முகவரியும் தருவதாகச் சொன்ன ஓர் இணையதளம் கிடைத்தது. இது மொபைல் எண், சென்னையைச் சேர்ந்தது என்று இலவசமாகச் சொன்னது. அது எனக்கே தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கார்டில் பணம் கட்டவேண்டும். கூட வேலை பார்த்தவரிடம் கெஞ்சிக் கார்டு வாங்கினேன். "இதெல்லாம் ஏமாத்து வேலை சார்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

ஒரு பெயரும் பொழிச்சலூரில் ஒரு தெருவும் திரையில் வந்தன. ஆளைப் பிடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வாசலில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

"இன்னா சார் பேசறீங்க? அது என் நம்பரே இல்ல சார்" என்று தன் போனை எடுத்து நீட்டினார். அவருடைய எண் வேறுதான். சிம் வாங்கும்போது கடையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுத்தாராம். அதை வைத்துக் கடைக்காரர் வேறு யாருக்கோ இன்னொரு சிம் விற்றிருக்க வேண்டும். அந்த நாட்களில் அப்படி நிறைய நடந்தது. தெருவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவர் மகள் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

பட்ட அவமானமெல்லாம் அந்தப் பேசாத ஆள்மேல் கோபமாகத் திரும்பியது. அன்று மாலையே அழைப்பு வந்தது.

"உன் பேரு, அட்ரஸ் எல்லாம் எனக்குத் தெரியும். இனிமே போன் வந்துச்சுன்னா நேரா போலீஸ்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு வைத்துவிட்டார்கள். அதன்பின் அழைப்பு வரவில்லை. பணம் கட்டியது வீண்போகவில்லை என்று அலுவலகத்தில்கூடப் பெருமையடித்தேன்.

அடுத்த வருடம் கேளம்பாக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் "அண்ணா!" என்று கூப்பிட்டாள். என் பழைய நண்பனின் மனைவி. அவனும் நானும் ஒரு பம்பு கம்பெனியில் நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். சூப்பர்வைசர் அவசரப்பட்டு உடைத்த மெஷினுக்கு அவன்மேல் பழி விழுந்தது. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். கண்ணால் பார்த்திருந்தும், "நான் கவனிக்கல சார்" என்றேன். அவனுக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"போன வருசம் உங்களுக்கு எத்தினி தபா போன் போட்டாரு தெரியுமாண்ணா?" என்றாள். "பொண்ணு பொறந்துச்சு. அத்த உங்ககிட்ட சொல்லணும்னு யார்கிட்டயோ கேட்டு நம்பர் வாங்கினாரு. நீங்க ஹலோன்னதும் அவருக்குப் பேச்சே வராது. போன காதுல வச்சிகினு அப்படியே நிப்பாரு."

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றேன். அவள் தொடர்ந்தாள்.

"பேரு, அட்ரஸ் எல்லாம் தெரியும், போலீசுக்குப் போவேன்னு சொன்னீங்களாமே. அவருன்னு தெரிஞ்சே சொல்லிட்டீங்கன்னு நெனச்சிகினு கீறாரு."

"அவன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அவன் இப்போது மீன்பிடி படகில் வேலை பார்ப்பதாகச் சொல்லி, புது நம்பரைக் கொடுத்தாள். அங்கேயே ஓரமாக நின்று கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். விசாரணையில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அந்தப் போன் விஷயத்தையும் சொன்னேன்.

"பரவால்ல சார்" என்றான். "போட்ல வேல நடந்துகினு கீது. அப்புறம் பேசறேன்."

மச்சான் என்பதைத் தவிர வேறெப்படியும் என்னைக் கூப்பிட்டறியாதவன். பிறகு அவன் பேசவில்லை. நானே இரண்டு முறை கூப்பிட்டேன். குழந்தை நன்றாக இருப்பதாக மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அத்தனை அழைப்பில் ஒன்றிலாவது, "சொல்லுங்க, யாரு?" என்று நிதானமாகக் கேட்டுக் காத்திருந்திருக்கலாம். இப்போதும் யாராவது இப்படிக் காசு கட்டி எண்ணுக்குப் பெயர் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்கிறேன். ஏன் என்று கேட்டால், ஜெராக்ஸ் கதையைச் சொல்கிறேன். நண்பனைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.