வக்கீலம்மா மீது ஒரு டவுட்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு கஸ்தூரி வந்து நின்றார். பவர்லூம் வைத்துப் பட்டு நெய்கிற குடும்பம்.

"அண்ணா, கூட வாங்க. அந்த வக்கீலம்மா ஆள் எப்படின்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

வக்கீலம்மா வசுமதி ஆரணிக்காரர்தான். வெளிநாட்டில் பல வருஷம் குடியேற்ற வழக்குகள் நடத்தியவர். விசா சிக்கலில் மாட்டிய தொழிலாளர்களுக்காக கோர்ட்டில் வாதாடியவர். சட்டக் கல்லூரியில் அதையே பாடமாகவும் எடுத்தவர். இப்போது ஊர் திரும்பி, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கல்யாண மண்டபத்தில் வகுப்பு எடுக்கிறார் – இலவசமாக!

அந்த 'இலவசம்'தான் எனக்கும் இடித்தது. சும்மா யார் சொல்லித் தருவார்கள்? பின்னால் ஏதாவது ஏஜென்சி... கமிஷன்...?

கஸ்தூரியின் மகன் தினேஷ், செய்யாறு கம்பெனி வேலையை விட்டுவிட்டு வெளிநாடு கிளம்பத் தயாராக இருந்தான். ஏதோ கம்ப்யூட்டர் வேலையாம்.

மண்டபத்தில் வகுப்பு முடிந்ததும், தினேஷையும் கூட்டிக்கொண்டு மூவரும் வசுமதியிடம் போனோம்.

"என்ன விசா?" என்றார்.

"டூரிஸ்ட் விசா மேடம். அங்க போய் மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்லிகினு இருக்காரு" என்றான் தினேஷ்.

வசுமதியின் முகம் மாறியது. "அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. கம்பெனி பேரை மட்டும் கேளுங்க."

கேட்டான்.

"அதெல்லாம் அங்க போனா தெரியும். நம்பிக்கை இல்லன்னா எதுக்கு வர்றே?" ஏஜென்ட் கத்திவிட்டுக் கட் பண்ணினார்.

"இப்படிப் போனவங்களை ரூம்ல பூட்டி வெச்சு, போன்ல ஜனங்களை ஏமாத்தச் சொல்லுவாங்க. மாட்டேன்னா அடி. அவங்களுக்காக நான் கேஸ் நடத்தியிருக்கேன்" என்றார் வசுமதி.

கஸ்தூரி என் காதைக் கடித்தார். "வேற ஏஜென்ட் கிட்ட இழுக்கறாங்களோ?"

எனக்கும் அதே சந்தேகம். கேட்டே விட்டேன். "நீங்க யாரையாவது சிபாரிசு பண்ணுவீங்களா?"

"யாரையும் பண்ண மாட்டேன். பாஸ்போர்ட் எங்க?"

ஏஜென்ட்டிடம்! கஸ்தூரி அப்போதுதான் மகன் பக்கம் திரும்பி முறைத்தார்.

மறுநாள் காலை நால்வரும் ஏஜென்ட் ஆபீசுக்குப் போனோம். "நாளைக்கு வாங்களேன்" என்று இழுத்தார். வசுமதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்தவங்க பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வெச்சுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. போலீஸை இங்கேயே வரச் சொல்லட்டுமா?"

டிராயர் திறந்தது. பாஸ்போர்ட் வந்தது.

யோசித்துப் பார்த்தேன். பாடம் சொல்லித் தந்தவரைத் துருவித் துருவிப் பார்த்தோம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டவரிடம் ஒரு கேள்வி கேட்டோமா? முதல் நாள் சிரித்துப் பேசினால் போதும், நம் சந்தேகம் தூங்கிவிடுகிறது.

வெளியே வந்ததும் கஸ்தூரி பாஸ்போர்ட்டைப் பிரித்தார். போட்டோவைப் பார்த்தார். மகன் முகத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோ.

"அம்மா, அது நான்தாம்மா!"

"நீ சும்மா இருடா. நீ சொன்னதை நம்பித்தான் இவ்ளோ பேஜார்!"