நேர்ந்துவிட்ட சேவலும் ஏழு கோழிகளும்

கோழிக்கும் பொழுது போக வேண்டும் என்பது எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை காலையில் திறந்துவிடுவது, மாலையில் எண்ணி அடைப்பது, அவ்வளவுதான் கோழி வளர்ப்பு. நடுவில் அவை எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்று யார் கேட்டார்கள்? என்னையே யாரும் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில், ஏற்காடு கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. வளையல், ரிப்பன், சீப்பு, பவுடர், முகம் பார்க்கும் கண்ணாடி. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கல்சுவர் வைத்த சின்னக் கொல்லை. என் கணவர் சரக்கெடுக்கச் சேலத்துக்கு இறங்கிவிட்டால் கடையும் என் தலையில்தான். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், சமையல், துவையல், கடை, இவற்றோடு ஏழு கோழிகள். படுக்கும்போது கால் இரண்டையும் கழற்றி ஓர் ஓரமாக வைக்க முடிந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒரு மாசி மாதக் காலையில் செம்மநத்தத்து அக்கா வந்தார். மலைக்காட்டில் கேழ்வரகும் கொஞ்சம் காப்பியும் போட்டிருந்த குடும்பம். மகளுக்கு வளையல் வாங்க வருவதில் ஆரம்பித்த பழக்கம், பல வருஷமாக நீண்டிருந்தது. அன்றைக்கு அவர் கையில் ஒரு செவலைச் சேவல். வால் மட்டும் கருகருவென்று வளைந்து தொங்கியது.

விஷயம் இதுதான். அவர் மகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கினால் சேவல் தருகிறேன் என்று அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். இப்போது மகளுக்கு நான்காவது மாதம். நோம்பி, அதாவது அம்மன் திருவிழா, வைகாசியில். அதற்குள் ஊரில் கோழிச் சீக்கு வந்து வீட்டுக்கு வீடு கோழிகள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தன. டவுனில் சீக்கு இல்லை, மூன்று மாதம் உங்கள் கொல்லையில் இருக்கட்டும், வெளிக்கோழியோடு மட்டும் சேரவிடாதீர்கள் என்று கேட்டார்.

"ஒரு பழுது ஆவாமப் பாத்துக்கோணுங்க அம்மிணி. எம் மவ வயித்துல இருக்கறதுக்காக நேந்ததுங்க."

எனக்கும் இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒன்று தங்காமல் போயிருந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி, ஒரு வாரம் தனியாகக் கூடையில் வைத்துப் பார்த்துவிட்டு, கொல்லையில் விட்டேன்.

சேவல் வெளியே போகக் கூடாதென்றால் கோழிகளும் போகக் கூடாது. கொல்லைக் கதவைச் சாத்தி, சுவருக்கு மேலே கம்பிவலை அடித்தோம். அதுவரை சந்தெல்லாம் சுற்றி, ஓட்டல் பின்பக்கம் கிளறி, ஊர் வம்பெல்லாம் பார்த்துவிட்டு வந்த கோழிகள் அவை. நான்கு நாள் சுவரோரம் நடந்து பார்த்தன. ஐந்தாம் நாள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. பத்தாம் நாள் எல்லாம் சேர்ந்து சேவலின் வாலுக்கு வந்தன. சண்டைக்காக அல்ல. சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கோழி போய் ஓர் இறகைப் பிடுங்கும், கொஞ்சநேரம் அலகில் வைத்திருக்கும், கீழே போடும். அந்தப் பெரிய சேவலும் அசையாமல் நிற்கும். வேலையில்லாத வீட்டில் நடப்பதுதான்.

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. எனக்குப் பொழுது போதவில்லை, அவற்றுக்குப் பொழுது போகவில்லை. கேழ்வரகுத் தாளைப் பரப்பி அதற்குள் நொய்யைத் தூவினேன், அரைநாள் கிளறின. முட்டைக்கோசைக் கயிற்றில் கட்டி, எம்பினால் எட்டும் உயரத்தில் தொங்கவிட்டேன். அடுப்புச் சாம்பலை மூலையில் குவித்தேன். அதில் புரண்டு குளித்தன. எஸ்டேட்டில் வெட்டிப்போட்ட சில்வர் ஓக் கிளையை இழுத்து வந்து உட்காரக் கொம்பு வைத்தேன். அக்கா சொல்லிக்கொடுத்தபடி உடைந்த பானையில் சாணியும் வைக்கோலும் அடைத்து, தண்ணீர் தெளித்து, மேட்டுப்பக்கம் புற்றோரம் கவிழ்த்துவிட்டு வருவேன். மறுநாள் காலை எடுத்தால் பானை நிறையக் கரையான். அதைக் கொட்டும்போது ஏழு கோழியும் ஒரு சேவலும் போடுகிற கும்மாளத்தைப் பார்க்க வேண்டும். என் பெண்கள் பெருநாள் துணிக்குக்கூட அப்படிக் குதித்ததில்லை.

ஆனால் எதுவும் நான்கைந்து நாளைக்குத்தான். பிறகு சலித்துவிடும். புதிதாக ஏதாவது கொண்டு வா என்பதுபோல என்னையே பார்க்கும். என் கணவர் சிரிப்பார். கோழிக்கு சர்க்கஸ் காட்டுகிறாய், எனக்கு ஒரு டீக்கு வழியில்லை என்பார். எனக்குச் சிரிப்பு வராது. அக்கா பத்து நாளைக்கு ஒரு தடவை வந்து, பலகையில் உட்கார்ந்து, சேவலைக் கண்ணால் தடவிவிட்டு, மகளுக்கு ஐந்து மாதம், மகளுக்கு ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போவார்.

சித்திரைக் கடைசியில் கோடைமழை பிடித்தது. மூன்று நாள் விடாத சாரல், எதிர்ச் சுவர் தெரியாத பனிமூட்டம். தாள் நனைந்து நாறியது, சாம்பல் சேறானது, புற்றுப்பக்கம் போகவே முடியவில்லை. கோழிகள் ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நெருக்கி நின்றுகொண்டு மறுபடியும் சேவலின் வாலுக்குப் போயின. இந்தத் தடவை ரத்தம் வந்தது. அதுவோ சீசன் சமயம். மழையென்றும் பாராமல் கடையில் கூட்டம். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கொல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது. கடைவாசலில் மாட்டிய கண்ணாடியில் ஒரு சிட்டுக்குருவி தினமும் வந்து தன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். ஓரம் உடைந்து விற்காமல் கிடந்த ஒரு கண்ணாடியை எடுத்துப் போய்ச் சாய்ப்பின் தூணில் ஆணியடித்து மாட்டினேன். கோழிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தன. கடைக்கு வரும் காலேஜ் பெண்கள்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. கொத்து நின்றுவிட்டது. அப்பாடா என்று கடைக்குப் போனேன்.

சேவல் கண்ணாடியைப் பார்க்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கோழி தன்னைப் பார்த்தால் வேடிக்கை. சேவல் தன்னைப் பார்த்தால் அது இன்னொரு சேவல். இது மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கண்ணாடி விற்கிற எனக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கண்ணாடி தரையில் சில்லுசில்லாகக் கிடந்தது. சேவல் அந்தச் சில்லுகளுக்கு நடுவே இன்னும் எதிரியைத் தேடிக்கொண்டு நின்றது. மூஞ்சியெல்லாம் ரத்தம். மஞ்சள் வைத்துக் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உயிருக்கு ஒன்றுமில்லை, இடது கண் போனது போனதுதான் என்றார்கள்.

பழுது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வழக்கத்திலும் கண் போன ஆட்டைக் குர்பானிக்குக் கொடுக்க முடியாது. பக்ரீதுக்கு ஆடு பிடிக்கும்போது என் கணவர் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். சேவலை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். செம்மநத்தத்தில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், இங்கே நான் அவளுக்காக நேர்ந்ததைக் குருடாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் பதற்றப்படாத மனுஷர். "அதே நெறத்துல ஒன்னு சேலத்துல வாங்கிட்டு வந்துர்றேன். அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அவ்வளவு களைத்திருந்தேன், அவ்வளவு பயந்திருந்தேன். உண்மையைச் சொல்லத் தெம்பு வேண்டும், அது என்னிடம் மிச்சமில்லை.

நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா வந்தார். ஒற்றைக்கண் சேவல் அடுப்படியில் கூடைக்குள் இருந்தது. சேலத்துச் சேவலைக் கையில் கொடுத்தேன். செவலை நிறம், கருத்த வால், எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. அக்கா அதை வாங்கி, இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். காலைப் பிடித்துப் பார்த்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் அம்மிணி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆடி முடிவில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். அக்கா ஆளனுப்பிச் சொன்னபோது நான் இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த ஒற்றைக்கண் சேவல் இருந்ததே. அம்மனும் அதை எடுத்துக்கொள்ள மாட்டாள். வேறு சாமிக்கு நேர்ந்ததை நாங்களும் தின்ன முடியாது. விற்கவும் மனம் வரவில்லை. அது கொல்லையிலேயே இருந்தது. குருட்டுப் பக்கமாக வந்து கோழிகள் கொத்தும் என்பதால், கதவைத் திறந்துவிட்ட பிறகும் நான் தாளைப் பரப்பிக்கொண்டும், பானை கவிழ்த்துக்கொண்டும், கீரையைக் கட்டிக்கொண்டும் இருந்தேன்.

அக்கா வரும் நாள்தான் பெரும்பாடு. நன்றி சொல்ல என்று ஆரஞ்சு, பலா, புதுக் கேழ்வரகு என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வாசலில் அவர் குரல் கேட்டதும் நான் சேவலைப் பிடித்து அடுப்படிக் கூடையில் கவிழ்த்து, மேலே சாக்கைப் போடுவேன். கூவாமல் இருக்க உள்ளே ஈசலோ கம்போ போட்டு வைப்பேன். அவர் டீ குடித்து முடிக்கும்வரை எனக்கு ஒரு காது அடுப்படியில். ஏதாவது சத்தம் கேட்டால் பாத்திரத்தை உருட்டுவேன். அவர் கொண்டு வந்த ஆரஞ்சை என் பெண்கள்தான் தின்றார்கள். எனக்கு ஒரு சுளைகூட உள்ளே இறங்கவில்லை. இப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒரு நாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சேவல் கூவியது. நான் எழுந்துபோய் தட்டை உருட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா டீத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தச் சாவலைத் தொறந்து உடுங்க அம்மிணி. கூடைக்குள்ள புழுங்குமுங்க."

எந்தச் சேவல் என்று கேட்டேன்.

"எங்கூட்டுச் சாவலுங்க. முட்டையில இருந்து வளத்தவளுக்கு அது சத்தம் தெரியாதுங்களா? அன்னிக்குக் காலைப் புடிச்சதுமே தெரிஞ்சு போச்சுங்க, இது வேறன்னு."

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன். மகளுக்கு ஏழாவது மாதம், கேட்டிருந்தால் அவளிடமும் சொல்ல வேண்டிவரும், அவள் பயந்துபோனால் அது வயிற்றில் இருப்பதற்கு ஆகாது, அதனால் ஒன்றும் தெரியாத மாதிரி நீங்கள் தந்த சேவலையே அம்மனுக்குக் கொடுத்தேன் என்று அக்கா நிதானமாகச் சொன்னார். மறுவருஷம் இன்னொரு சேவலைக் கொண்டுபோய் அம்மனிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டாராம். அன்றைக்கு நீங்கள் வாய் திறக்காததே நல்லதாகப் போயிற்று என்றார்.

எனக்கு உடம்பே லேசானது. இரண்டு வருஷமாகத் தோளில் கிடந்ததை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி மாட்டியதிலிருந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அக்கா குழந்தையின் கையில் வளையலை நகர்த்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் எழுந்து, குழந்தையை இடுப்புக்கு மாற்றினார்.

"அது சரிங்க. கொழந்தை பொறந்ததுக்கப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமுங்க. ஒவ்வொருக்கா வாரப்பவும் இன்னிக்குச் சொல்லுவீங்கன்னுதான் வந்தனுங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு அடுப்படிக்குப் போய்க் கூடையை நிமிர்த்தினேன்.