திருப்பிப் போட்ட சங்கு

நாங்கள் திருவிதாங்கூர்ப் பிரஜைகளாக இருந்த காலத்தில் எங்கள் நாட்டுக்கு முத்திரை ஒரு வலம்புரிச் சங்கு. அதன் இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய ஆனைகள். கடலில் பிறந்தது ஒன்று, காட்டில் பிறந்தது இரண்டு. இதைவிட லட்சணமான முத்திரை உலகத்தில் எந்த ராஜாவுக்கும் கிடையாது என்பது எட்டு வயதில் என் திடமான எண்ணம். இப்போதும் அதை விட்டுவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

சாலைக் கடைவீதியில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. மகாராஜாவின் பிறந்தநாள் ஊர்வலத்தில் எங்கள் பள்ளிக்கூடப் பெண்கள் பிடித்துப் போக, முத்திரை அச்சிட்ட இருநூறு சின்னக் கொடிகள் கேட்டிருந்தார்கள். அந்தப் பொறுப்பு மாமாவுக்கு வந்தது. மாமா அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். எந்த வேலையிலும் ஒரு மாசம் தாண்டியதில்லை. இதையும் கெடுத்தால் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். மலைக்குப் போனவர்கள் குளிர்காய்ச்சலோடுதான் திரும்புவார்கள். நான் எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

மாமா பலாக்கட்டையில் முத்திரையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். ஆனையின் நகம்கூடத் தெரிந்தது. மெல்லிய வெள்ளை மல் துணியில் சிவப்புச் சாயத்தால் இருநூறையும் அச்சிட்டு வெயிலில் காயப்போட்டார். அப்பா வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“ஏல, இது இடம்புரில்லா.”

கட்டையில் வலம்புரியாகச் செதுக்கினால் துணியில் இடம்புரியாகத்தானே விழும்! ஆனைகள் பக்கம் மாறி நின்றாலும் ஆனைகள்தான். சங்குக்கு அந்தச் சலுகை இல்லை. இடம்புரி சாவு வீட்டில் ஊதுகிற சங்கு. அதை மகாராஜாவின் பிறந்தநாளில் தூக்கிக்கொண்டு போவதா? விடிந்தால் ஊர்வலம், கடையில் வேறு மல் துணியும் இல்லை. அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாமா அசரவில்லை. ஒரு கொடியைத் திருப்பிப் போட்டார். சாயம் மறுபுறம் ஊறியிருந்தது. அங்கே சங்கு வலம்புரி.

“குச்சிய இந்தப் பக்கமா வச்சுத் தச்சாப் போதும், அத்தான்.”

“மங்கலால்லா இருக்கு.”

“மகாராஜா முன்னால போறதுல்லா, கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும்.”

அப்பா கொடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெகுநேரம் பார்த்தார். “சரி, தை” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மாமாவின் மூளையை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஊர்வலத்தில் முன்வரிசைப் பெண்கள் கொடியைத் தூக்கினார்கள். நான் பின்வரிசையில். பின்னாலிருந்து பார்த்தால் அத்தனையும் பளிச்சென்ற இடம்புரிச் சங்குகள். அப்பா வேறு ரோட்டோரம் நின்றிருந்தார். நாங்கள் கடந்து போன பிறகும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மாமாவிடம் ரகசியமாகச் சொன்னேன். “அப்பாட்ட மட்டும் சொல்லிராத, மக்ளே” என்றார். நான் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. மாமா எங்கள் கடையிலேயே நிலைத்துவிட்டார்.

எந்தத் துணியையும் இரண்டு பக்கமும் விரித்துக் காட்டித்தான் அப்பா விற்பார். அப்பேர்ப்பட்டவருக்குக் கொடிக்கு ஒரு பின்பக்கம் உண்டென்பது தெரியாமல் போயிற்றே என்று வெகுகாலம் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.